டிப்ளமாவிலிருந்து நேரடியாக இரண்டாம் ஆண்டு பொறியியல்: மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கான உதவித்தொகை வழிகாட்டி

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பங்களில், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையைப் பாலிடெக்னிக்கில் சேர்ப்பது பல தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம். மூன்று ஆண்டுகளில் கையில் ஒரு தொழில் வந்துவிடும், மதிப்பெண்ணும் பணமும் இடங்கொடுத்தால் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்துகொள்ளலாம் என்பதுதான் பெற்றோரின் கணக்கு. மகாராஷ்டிரத்தில் ‘டைரக்ட் செகண்ட் இயர்’ என்று எல்லோரும் அழைக்கும் அந்தச் சேர்க்கைக்குத் தனியாக நுழைவுத்தேர்வு கிடையாது. டிப்ளமா மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. ஆகவே நன்றாகப் படித்த பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைப்பதில் பெரிய தடை இல்லை. தடையாக நிற்பது கட்டணம்தான்.

என் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பல ஆண்டுகளாக இந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்து வருகிறேன். அதில் நான் கற்றுக்கொண்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரடி இரண்டாம் ஆண்டில் சேருகிறவர்களுக்கு உதவித்தொகை கிடைக்குமா கிடைக்காதா என்பது பெரும்பாலும் கல்லூரியில் காலடி வைப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எந்த வழியாக இடம் பெற்றார்கள், எந்தச் சான்றிதழ் எந்த மாதத்தில் கையில் இருந்தது, பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தது ஆகிய மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. சேர்க்கை முடிந்த பிறகு, ‘இனி ஸ்காலர்ஷிப் ஏதாவது இருக்கிறதா?’ என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் செய்ய முடிந்தது மிகக் குறைவாகவே இருந்திருக்கிறது. எனவே டிப்ளமா இறுதியாண்டில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதல் உதவித்தொகை, பெற்ற இடமே

நேரடி இரண்டாம் ஆண்டுக்கு டிப்ளமாவில் குறைந்தது 45 விழுக்காடு வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அது 40. ஒவ்வொரு பாடப்பிரிவிலும் அங்கீகரிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் 10 விழுக்காடு இவர்களுக்காகக் கூடுதலாக ஒதுக்கப்படுகிறது. முதலாண்டில் நிரம்பாமல் போன இடங்களும் இவர்களுக்கு வருகின்றன. அதனால் நல்ல கல்லூரிகளில் இடங்கள் மிகக் குறைவாகவும், மாணவர்கள் அதிகம் நாடாத கல்லூரிகளில் இடங்கள் தாராளமாகவும் இருக்கும். இந்த இடங்களை மாநிலப் பொது நுழைவுத்தேர்வுப் பிரிவு, ‘கேப்’ என்று எல்லோரும் சொல்லும் மையப்படுத்தப்பட்ட சேர்க்கைச் சுற்றுகளின் மூலம் நிரப்புகிறது. இணையத்தில் பதிவு, சான்றிதழ் சரிபார்ப்பு, தற்காலிகத் தரவரிசை, ஆட்சேபம் தெரிவிக்கச் சில நாள் அவகாசம், இறுதித் தரவரிசை, விருப்பப் பட்டியல், அதன்பின் இட ஒதுக்கீடு என்ற வரிசையில் அது நடக்கும்.

மாநில அரசின் பெரிய கட்டணச் சலுகைகள் அனைத்தும் இந்தக் கேப் சுற்றில் இடம் பெற்றவர்களுக்கே உரியவை. கல்லூரி நிர்வாகம் தன் பொறுப்பில் நிரப்பும் இடத்தில், அதாவது ‘மேனேஜ்மென்ட் கோட்டா’ அல்லது ‘இன்ஸ்டிட்யூட் லெவல்’ இடத்தில் சேர்ந்துவிட்டால், பிள்ளை எவ்வளவு மதிப்பெண் பெற்றிருந்தாலும், குடும்பம் எவ்வளவு ஏழையாக இருந்தாலும், அந்தச் சலுகைக்கு வழியில்லை. எங்கள் ‘சால்’ குடியிருப்பில், அதாவது வரிசை வீடுகளில், ஒரு பையன் டிப்ளமாவில் 84 விழுக்காடு எடுத்திருந்தான். முடிவு வந்த வாரமே ஒரு தனியார் கல்லூரியின் ஆள் வீடு தேடி வந்து, ‘கேப்பில் என்ன கிடைக்குமோ தெரியாது, இப்போதே கட்டினால் பத்தாயிரம் குறைத்துத் தருகிறோம்’ என்று சொல்ல, தந்தை கைமாற்று வாங்கி முன்பணம் கட்டிவிட்டார். மூன்று ஆண்டுக்கும் பாதிக் கல்விக் கட்டணத்தை அரசிடமிருந்து பெறக்கூடிய தகுதி அந்தப் பையனுக்கு முழுமையாக இருந்தது. பத்தாயிரத்துக்காகக் கைவிட்டது இரண்டு லட்சத்துக்கு அருகில் என்பது அந்தத் தந்தைக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்தபோது, இதை யாராவது நம் மொழியில் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது.

விருப்பப் பட்டியலை நிரப்பும்போது கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காமல் கட்டணத்தையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 1887இல் தொடங்கப்பட்டு இப்போது மாதுங்காவில் இயங்கும் வீர்மாதா ஜீஜாபாய் தொழில்நுட்ப நிறுவனம், அந்தேரியில் உள்ள சர்தார் படேல் பொறியியல் கல்லூரி போன்றவற்றில் அரசு உதவி பெறும் பிரிவுகளின் கட்டணம், தனியார் சுயநிதிக் கல்லூரிகளின் கட்டணத்தைவிட வெகு குறைவு. அங்கே இடம் பெற மிக உயர்ந்த விழுக்காடு வேண்டும் என்பது உண்மைதான். ஆயினும் பட்டியலின் மேலே அவற்றை எழுதுவதால் எந்த நட்டமும் இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்கவும்: பட்டியலில் முதலிடத்தில் எழுதிய கல்லூரியே ஒதுக்கப்பட்டுவிட்டால் அந்த இடம் தானாக உறுதியாகிவிடும், அடுத்த சுற்றுக்குப் போக முடியாது. ஆகவே முதல் வரியில் எழுதுவது உண்மையாகவே முதல் விருப்பமாக இருக்கட்டும்.

தனியார் கல்லூரிகளின் கட்டணத்தை மாநிலக் கட்டண ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. அது கல்விக் கட்டணம் என்றும் வளர்ச்சிக் கட்டணம் என்றும் இரண்டாகப் பிரிந்திருக்கும். அரசின் சலுகை கல்விக் கட்டணத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் மட்டுமே. வளர்ச்சிக் கட்டணத்தை நாம்தான் கட்ட வேண்டும். ‘முழுச் சலுகை என்றார்களே, பிறகு ஏன் பதின்மூன்றாயிரம் கேட்கிறார்கள்?’ என்று கல்லூரி வாசலில் கலங்கி நிற்கும் பெற்றோரை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அது தவறான வசூல் அல்ல, ஆனால் அதற்கான பணத்தை முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

தாய்மொழி தமிழ் என்ற ஒரு வரி

இன்னொரு வழி நமக்கென்றே இருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரிவதில்லை. மகாராஷ்டிரத்தில் மொழிச் சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 51 விழுக்காட்டைத் தங்கள் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட, மாநிலக் குடியிருப்புச் சான்றிதழ் உள்ள மாணவர்களுக்கு ஒதுக்கலாம். கேப் பதிவில் மொழிச் சிறுபான்மை என்ற கேள்வி வரும். அங்கே தமிழ் என்று குறிப்பிட்டால், தமிழ்ச் சிறுபான்மைக் கல்லூரி என்ற தகுதி பெற்ற நிறுவனங்களின் அந்த இடங்களுக்கும் உங்கள் பிள்ளை போட்டியிட முடியும். அதே கல்லூரியின் பொது இடங்களுக்குத் தேவைப்படும் விழுக்காட்டைவிடச் சற்றுக் குறைவாகவே அங்கே பல சமயம் போதுமானதாகிறது. எந்தக் கல்லூரி எந்த மொழிச் சிறுபான்மையைச் சேர்ந்தது என்பது அவ்வாண்டு வெளியாகும் கல்லூரிப் பட்டியலிலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

இதற்கு ஆதாரமாகக் கேட்கப்படுவது பள்ளி விடுப்புச் சான்றிதழில் உள்ள ‘தாய்மொழி’ என்ற கட்டம். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு அதில் தமிழ் என்றே இருக்கும். ஆங்கிலவழி, இந்திவழிப் பள்ளிகளில் படித்தவர்களுக்குச் சில சமயம் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது, அல்லது வேறு மொழி எழுதப்பட்டிருக்கிறது. பாலிடெக்னிக்கிலிருந்து விடுப்புச் சான்றிதழ் வாங்கும் நாளிலேயே அந்த ஒரு வரியைப் படித்துப் பார்த்து, தவறு இருந்தால் அங்கேயே திருத்தக் கேளுங்கள்.

சான்றிதழ்களுக்கான மாதங்கள்

மாநிலச் சலுகைகளுக்கெல்லாம் அடிப்படை குடியிருப்புச் சான்றிதழ். எல்லோரும் ‘டொமிசைல்’ என்கிறார்கள். பதினைந்து ஆண்டுகள் மகாராஷ்டிரத்தில் வாழ்ந்ததைக் காட்டி அதைப் பெற வேண்டும். பள்ளிச் சான்றிதழ்கள், ரேஷன் கார்டு, மின்கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம் ஆகியவை ஆண்டு விடுபடாமல் தொடர்ச்சியாக இருந்தால் சிக்கல் இல்லை. ஆனால் பிள்ளை இடையில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஊரில் பாட்டி வீட்டில் தங்கிப் படித்திருந்தால், அந்த இடைவெளியைப் பற்றிக் கேள்வி வரும். விண்ணப்பத்தை ‘ஆப்லே சர்க்கார்’ என்ற மாநில அரசின் இணையச் சேவைத் தளத்திலோ, சான்றிதழ் விண்ணப்பங்களை வாங்கும் சேது மையத்திலோ கொடுக்கலாம். தாராவி, மாதுங்கா, சயான் பகுதியினர் மும்பை நகர மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களின் ஆட்சியர் அலுவலகம் கோட்டைப் பகுதியில் பழைய கஸ்டம் ஹவுஸில் இருக்கிறது. செம்பூர், முலுண்ட் பக்கத்தினர் புறநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குப் பாந்திரா கிழக்கு. தவறான மாவட்டத்தில் விண்ணப்பித்து ஒரு மாதத்தை இழந்தவர்கள் பலர்.

குடியிருப்புச் சான்றிதழை ஜனவரியிலேயே எடுத்துவிடலாம். வருமானச் சான்றிதழ் அப்படியன்று. அதன் செல்லுபடிக் காலம் மார்ச் 31ஆம் தேதியோடு முடிவதால், பிப்ரவரியில் அவசரமாக எடுத்த சான்றிதழ் ஜூலைக்குப் பயன்படாது. ஏப்ரல் முதல் வாரத்தில் விண்ணப்பிப்பதே சரி. ஜூன் மாதத்தில் பள்ளி, கல்லூரிச் சேர்க்கைக் கூட்டம் முழுவதும் சேது மையங்களில் குவிந்துவிடும். அதற்குமுன் நம் வேலை முடிந்திருக்க வேண்டும். தந்தைக்குச் சம்பளச் சீட்டு இல்லாத வீடுகளில், அதாவது இட்லி வியாபாரமோ தோல்பை தைக்கும் வேலையோ செய்யும் வீடுகளில், வட்டாட்சியர் அலுவலகம் சுய அறிவிப்பையும் நேரில் விசாரித்த விவரத்தையும் கொண்டு வருமானத்தைக் குறிக்கும். தாயும் சம்பாதிப்பவராக இருந்தால் இருவர் வருமானத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மறைத்துக் குறைவாகக் காட்ட வேண்டாம். பின்னால் வரும் சரிபார்ப்பில் பொருந்தாமல் போனால் பெற்ற தொகையையும் திருப்பிக் கட்ட நேரிடும்.

சாதிச் சான்றிதழைப் பற்றி மனந்திறந்து பேச வேண்டும், ஏனென்றால் மும்பைத் தமிழர்களை அதிகம் வருத்துவது இதுதான். தமிழ்நாட்டில் பெற்ற சாதிச் சான்றிதழ் மகாராஷ்டிரத்தின் இடஒதுக்கீட்டுக்கும் அதைச் சார்ந்த உதவித்தொகைக்கும் செல்லாது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக ஏற்கப்பட்டவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்ததால் மட்டும் அங்கும் அதே உரிமையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. இங்கே சான்றிதழ் பெற இரண்டும் பொருந்த வேண்டும்: சாதியின் பெயர் மகாராஷ்டிரத்தின் பட்டியலில் இருக்க வேண்டும், குடும்பம் குறித்த நாளுக்கு முன்பே இங்கே குடியேறியிருக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கு அந்த நாள் 1950 ஆகஸ்டு 10, பழங்குடியினருக்கு 1950 செப்டம்பர் 6, நாடோடிச் சாதியினருக்கு 1961 நவம்பர் 21, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 1967 அக்டோபர் 13.

தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்த குடும்பங்களில் பல இந்த நாள்களுக்கு வெகு முன்பே வந்தவை. இல்லாதது வரலாறு அன்று, காகிதம்தான். தாத்தாவின் பள்ளி விடுப்புச் சான்றிதழ், மாநகராட்சியின் பிறப்பு அல்லது இறப்புப் பதிவு, ஆலையிலோ துறைமுகத்திலோ வேலை பார்த்ததற்கான பணிப் பதிவேடு, பழைய வாடகை ரசீது ஆகியவற்றில் எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். பெரியவர்களின் இரும்புப் பெட்டியைத் துழாவி, பேத்தியின் படிப்புக்கு வழிவிட்ட ஒரு பழைய சீட்டை எடுத்த நாள் எனக்கு மறக்காது. சாதிச் சான்றிதழோடு, அதைச் சரிபார்த்துக் கொடுக்கும் ‘காஸ்ட் வேலிடிட்டி’ சான்றிதழும் தொழிற்கல்விக்குத் தேவை. அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால் டிப்ளமாவின் இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கிவிட வேண்டும். இந்த ஆவணங்கள் எவ்வளவு தேடியும் கிடைக்காத குடும்பங்கள் மனந்தளர வேண்டாம். பொதுப்பிரிவில் வருமானத்தை மட்டும் அடிப்படையாகக் கொண்ட திட்டம் ஒன்று இருக்கிறது.

மாநிலத் திட்டங்கள்

அந்தத் திட்டத்தின் பெயர் ராஜர்ஷி சத்ரபதி சாகு மகாராஜ் கல்விக் கட்டண உதவித்தொகை. கல்லூரி அலுவலகத்தில் ‘ஈ.பி.சி.’ என்று கேட்டால் உடனே புரியும். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்கு மேற்படாமல், மாநிலக் குடியிருப்புச் சான்றிதழோடு கேப் சுற்றில் சேர்ந்த மாணவருக்குக் கல்விக் கட்டணத்திலும் தேர்வுக் கட்டணத்திலும் பாதியை அரசு ஏற்கிறது. 2024-25 கல்வியாண்டிலிருந்து பொருளாதாரத்தில் பின்தங்கிய, இதர பிற்படுத்தப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த மாணவிகளுக்கு, அதே 8 லட்சம் வரம்புக்குள், பாதிக்குப் பதிலாக முழுவதையும் அரசு ஏற்கிறது. ஒரு குடும்பத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டுமே இந்தச் சலுகை. படிப்பில் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ இடைவெளி இருக்கக் கூடாது. டிப்ளமா முடித்து வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்துவிட்டுப் பிறகு படிக்கலாம் என்று நினைக்கும் பிள்ளைகள் இந்த விதியை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

விடுதியிலோ வாடகை அறையிலோ தங்கிப் படிப்போருக்கு டாக்டர் பஞ்சாப்ராவ் தேஷ்முக் பெயரில் தங்கும் செலவுக்கான படி தனியாக உண்டு. முஸ்லிம், கிறித்தவர் உள்ளிட்ட சிறுபான்மைச் சமயத்தினருக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் வழியாக மதிப்பெண் அடிப்படையில் ஓர் உதவித்தொகை இருக்கிறது. மாநிலச் சான்றிதழ் கையில் உள்ள பட்டியல் சாதியினருக்கு, வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகையும், அதற்கு மேல் இருந்தால் ‘ஃப்ரீஷிப்’ என்ற கட்டணச் சலுகையும் உண்டு.

இவை அனைத்துக்கும் ‘மகா டிபிடி’ என்ற ஒரே தளம்தான். ஆதார் எண்ணோடு இணைந்த கைப்பேசி வேண்டும். கேப் விண்ணப்ப எண்ணைப் பதிந்தால் சேர்க்கை விவரங்கள் தாமாக வந்து நிற்கும். விண்ணப்பம் கல்லூரி எழுத்தர், முதல்வர், இயக்ககம் என்று படிப்படியாக நகரும். ஏதாவது ஒரு படியில் திருத்தக் கேட்டுத் திருப்பி அனுப்பினால், அந்தத் தகவல் தளத்தில் மட்டுமே தெரியும். ஆகவே வாரம் ஒருமுறை உள்நுழைந்து பாருங்கள். தொகை இரண்டு தவணையாக வரும். ஒப்புதலான தவணைக்கு ‘ரிடீம்’ என்ற பொத்தானை அழுத்தும்படி தளம் கேட்டால், அதை அழுத்தாதவரை பணம் நகராது.

மத்திய திட்டங்களும், விதிமுறையைப் படிக்கும் முறையும்

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் ‘பிரகதி’ உதவித்தொகையை நம் பெண் பிள்ளைகள் அனைவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நேரடி இரண்டாம் ஆண்டில் சேருகிறவர்களுக்கும் உண்டு என்று அதன் விதிமுறையே வெளிப்படையாகச் சொல்கிறது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். ஆண்டுக்கு 50,000 ரூபாய் வீதம், இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவருக்கு மூன்று ஆண்டுகள். தேர்வு முழுக்க முழுக்க மதிப்பெண் வரிசையில் நடக்கிறது. 40 விழுக்காடோ அதற்கு மேலோ உடற்குறையுள்ள மாணவ மாணவியருக்கு ‘சக்ஷம்’, பெற்றோரை இழந்தவர்களுக்கு ‘ஸ்வநாத்’ என்று அதே கவுன்சிலின் மற்ற இரண்டு திட்டங்களிலும் தொகை அதே 50,000. சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் போன்ற அடிப்படைப் பிரிவுகளில் படிப்போருக்காக ‘யசஸ்வி’ என்ற திட்டமும் வந்திருக்கிறது; பட்டப்படிப்பில் ஆண்டுக்கு 18,000.

இவற்றுக்கு விண்ணப்பிக்கும் இடம் தேசிய உதவித்தொகைத் தளம். முதலில் ஆதாரை வைத்து ஒருமுறைப் பதிவு செய்து, முகச் சரிபார்ப்பையும் முடித்து, அதற்குரிய எண்ணைப் பெற வேண்டும். இதைச் சேர்க்கைக்குக் காத்திராமல் மே மாதத்திலேயே செய்துவிடலாம், செய்துவிட வேண்டும். நேரடி இரண்டாம் ஆண்டுக்கான கேப் சுற்றுகள் பல ஆண்டுகளில் செப்டம்பர்வரை நீள்கின்றன. அதன்பின் கல்லூரியில் சேர்ந்து, சான்று வாங்கி, விண்ணப்பத்தைக் கல்லூரி சரிபார்ப்பதற்குள் மத்திய தளத்தின் கடைசித் தேதி நெருங்கிவிடும். முதலாண்டில் சேர்ந்தவர்களுக்கு இருக்கும் அவகாசம் நம் பிள்ளைகளுக்கு இருப்பதில்லை.

ஒரு திட்டத்தின் பெயரைக் கேள்விப்பட்டதும் விண்ணப்பிக்க ஓட வேண்டாம். தகுதிப் பகுதியில் மூன்று சொற்களைத் தேடுங்கள். நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கையைக் குறிக்கும் ‘லேட்டரல் என்ட்ரி’ என்ற சொல் இருந்தால் கதவு திறந்திருக்கிறது. ‘முதலாண்டு மாணவர் மட்டும்’ என்றிருந்தால் மூடியிருக்கிறது. ‘பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்’ என்றிருந்தால், பத்தாம் வகுப்போடு டிப்ளமாவுக்கு வந்தவருக்கு அதுவும் மூடியதுதான். கல்லூரி மாணவர்களுக்கான மத்திய அரசின் உதவித்தொகை பன்னிரண்டாம் வகுப்பு வாரியத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கானது என்பதால் நமக்குப் பொருந்தாது. ரிலையன்ஸ் அறக்கட்டளையின் இளநிலை உதவித்தொகையும் கோடக் கன்யாவும் முதலாண்டில் சேருவோருக்கானவை. எச்.டி.எஃப்.சி. வங்கியின் ‘பரிவர்த்தன்’ உதவித்தொகை ஆண்டைப் பார்ப்பதில்லை. முந்தைய தேர்வில் 55 விழுக்காடும், 2.5 லட்சத்துக்குள் குடும்ப வருமானமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். கேப் சுற்றில் புணே மாவட்டக் கல்லூரி கிடைத்த பெண்கள், டிப்ளமா முடித்துப் பொறியியலுக்கு வரும் பெண்களுக்கென்றே தனிப்பிரிவு வைத்திருக்கும் லீலா பூனாவாலா அறக்கட்டளையை அவசியம் பார்க்க வேண்டும்.

ஒரே ஆண்டில் இரண்டு அரசு உதவித்தொகை பெறக் கூடாது என்பது பொது விதி. ஆகவே எது பெரிது என்று கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். கல்விக் கட்டணம் 1,30,000 உள்ள தனியார் கல்லூரியில் கேப் வழியாகச் சேர்ந்த பெண்ணுக்கு மாநிலத்தின் முழுச் சலுகைதான் இலாபம். கட்டணமே 30,000 உள்ள கல்லூரியில் சேர்ந்த பெண்ணுக்குப் பிரகதியின் 50,000 மேலானது. ‘எல்லோரும் பிரகதிக்குப் போடுகிறார்கள்’ என்பதற்காகப் போட்டு, பெரிய சலுகையை இழந்தவர்களும் உண்டு.

பெயரும் முன்னெழுத்தும்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். நான் பார்த்த விண்ணப்பங்களில் தகுதிக் குறைவால் நின்றவற்றைவிடப் பெயர் பொருந்தாமல் நின்றவையே அதிகம். நம் வழக்கம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்துப் பெயரை எழுதுவது. மகாராஷ்டிர வழக்கம் குடும்பப் பெயர், தன் பெயர், தந்தை பெயர் என மூன்றாக எழுதுவது. பள்ளியில் சேர்த்த நாளில் எழுத்தர் குடும்பப் பெயர் என்ன என்று கேட்க, நம் அம்மாக்கள் தாத்தாவின் பெயரைச் சொல்லியிருப்பார்கள். செல்வி என்ற பெண், தந்தை பெருமாள், தாத்தா முருகன் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ‘முருகன் செல்வி பெருமாள்’ என்றும், ஊரில் எடுத்த ஆதாரில் ‘பெ. செல்வி’ என்றும், வங்கிக் கணக்கில் ‘செல்வி பெருமாள்’ என்றும் இருக்கும். நமக்கு மூன்றும் ஒருவர்தான், கணினிக்கு மூவர்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரையே மூலமாகக் கொள்ளுங்கள், ஏனென்றால் பள்ளியை விட்டு வெளியேறிய பின் அதைத் திருத்துவதுதான் மிகக் கடினம். ஆதாரை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறை மட்டுமே மாற்ற முடியும் என்பதால் எழுத்துக்கு எழுத்து சரிபார்த்த பிறகே கொடுங்கள். வங்கிக் கணக்கு கடைசியில். அரசிதழில் பெயர் மாற்றம் அறிவிக்க வேண்டிய நிலை வந்தால் அதற்கும் சில வாரங்கள் ஆகும். எனவே இதை டிப்ளமாவின் ஐந்தாம் பருவத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

கணக்கு மாணவரின் பெயரிலேயே இருக்க வேண்டும், ஆதாரோடு இணைக்கப்பட்டிருக்கவும் வேண்டும். இரண்டு வங்கிகளில் கணக்கு இருந்தால், எந்தக் கணக்கைக் கடைசியாக ஆதாரோடு இணைத்தீர்களோ அதற்குத்தான் பணம் போகும். விண்ணப்பத்தில் எழுதிய கணக்கைப் பார்த்துக்கொண்டு, பணம் வரவில்லை என்று மாதக்கணக்கில் அலைந்தவர்கள் இருக்கிறார்கள். ஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியில் எந்த வங்கி என்று பார்த்துக்கொள்ளலாம்.

பெற்றதைத் தக்கவைப்பது

பிரகதி போன்ற உதவித்தொகை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்பட வேண்டும். அடுத்த ஆண்டுக்குத் தேர்ச்சி பெற்றதற்கான சான்று இல்லாவிட்டால் அது நின்றுவிடும். இங்கேதான் டிப்ளமா பிள்ளைகளுக்கு ஒரு சோதனை காத்திருக்கிறது. பட்டறையிலும் செய்முறையிலும் அவர்கள் மற்றவர்களைவிடத் தேர்ந்தவர்கள். ஆனால் வகுப்பில் பக்கத்தில் இருப்பவர் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளிலும் முதலாண்டிலும் படித்து வந்த கணிதத்தை இவர்கள் அதே அளவுக்குப் படித்ததில்லை. மூன்றாம் பருவத்தில் லாப்லாஸ் உருமாற்றமும் ஃபூரியே தொடரும் வந்து நிற்கும்போது, டிப்ளமாவில் 90 விழுக்காடு வாங்கிய பிள்ளைக்கே ‘கேட்டி’ விழுகிறது, அதாவது பாடம் தேர்ச்சியாகாமல் நின்றுவிடுகிறது. சேர்க்கையும் தாமதமாக நடப்பதால், இவர்கள் வகுப்புக்குள் நுழையும்போது பாடம் பல வாரங்கள் கடந்திருக்கும்.

டிப்ளமா முடிவுக்கும் சேர்க்கைக்கும் இடையே கிடைக்கும் இரண்டு மூன்று மாதங்களைத் தொகையீட்டுக்கும் வகைக்கெழுவுக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் பகுதியில் மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் படிக்கும் முன்னாள் டிப்ளமா மாணவர்கள் சிலர் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மாலை வேளையில் தம்பி தங்கைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறார்கள். உங்கள் பகுதியில் அப்படி யாராவது இருந்தால் அவர்களைத் தேடிப் போங்கள். எந்தக் கல்லூரியில் எந்த எழுத்தர் விண்ணப்பத்தை உடனே பார்ப்பார், எங்கே ஆண்டிறுதியில் முதலிடம் பெறுபவருக்குக் கல்லூரியே பரிசுத்தொகை தருகிறது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு பருவ மதிப்பெண் பட்டியலையும் கட்டண ரசீதையும் கல்லூரிச் சான்றையும் ஒரே கோப்பில் வைத்து, கைப்பேசியில் தெளிவாகப் படமெடுத்துச் சேமித்துக்கொள்ளுங்கள். புதிய வருமானச் சான்றிதழுக்கு அடுத்த ஏப்ரலில் விண்ணப்பிக்க வேண்டும். மத்திய தளத்தில் புதுப்பித்தல் தொடங்கும் நாளை ஜூன் மாதத்திலிருந்தே கவனித்து வாருங்கள். பழைய விண்ணப்ப எண்ணும் கடவுச்சொல்லும் அப்போது தேவைப்படும், அவற்றையும் அதே கோப்பின் முதல் தாளில் எழுதி வையுங்கள்.